மேம்படுத்திய பின் உறைந்து நிற்கும் ஃபோட்டோஸ்: தட்டைத் துடைக்கும் முன் பார்க்க வேண்டியவை

புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் பணி ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் இந்தக் கேள்வியை அனுப்பியிருக்கிறார். அவரிடம் இருப்பது 2019ஆம் ஆண்டின் 21.5 அங்குல ஐமேக். உள்ளே 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க், அதாவது சுழலும் தட்டு. மேக் இயங்குதளத்தின் மான்டரே பதிப்பில் ஓடிக்கொண்டிருந்த அதை, சென்ற வெள்ளிக்கிழமை அவருடைய மருமகன் நேராகச் செக்கோயா பதிப்புக்கு மேம்படுத்திக் கொடுத்திருக்கிறார். அன்று முதல் ஃபோட்டோஸ் செயலியைத் திறந்தால் சாளரம் தோன்றுகிறது, படங்கள் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கட்டங்கள் நிற்கின்றன, வண்ணச் சக்கரம் சுழல்கிறது, எதைச் சொடுக்கினாலும் அசைவில்லை. மூன்று நாளில் ஏழெட்டு முறை வலுக்கட்டாயமாக மூடித் திறந்தும் பயனில்லை. ஏறக்குறைய 48,000 படங்கள். மறைந்த கணவரின் படங்களும், தண்ணீர்மலைத் தைப்பூசத்தில் ஆண்டுதோறும் எடுத்தவையும் அவற்றுள் அடக்கம். கடையில் காட்டியபோது, தட்டைத் துடைத்துவிட்டு, அதாவது அதிலுள்ள அனைத்தையும் அழித்துவிட்டு, எல்லாவற்றையும் புதிதாக ஏற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆப்பிளின் இணையச் சேமிப்பிடமான ஐக்ளவுட்டில் படங்கள் இருப்பதாக நினைவு, ஆனால் உறுதியாகத் தெரியாது என்கிறார்.

டீச்சர், முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: தட்டைத் துடைப்பதற்கு இப்போது சம்மதிக்க வேண்டாம். நீங்கள் விவரித்திருப்பதைப் பார்த்தால், செயலி செத்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. மிக மெதுவான ஒரு தட்டின்மேல் மிகப் பெரிய ஒரு வேலையை அது செய்துகொண்டிருக்கிறது என்றும், ஒவ்வொரு முறை வலுக்கட்டாயமாக மூடும்போதும் அந்த வேலை இடையில் அறுந்துபோகிறது என்றும்தான் தோன்றுகிறது. என் ஊகம் தவறாகவும் இருக்கலாம்; ஆனால் அதைச் சோதித்துப் பார்க்கக் காசு எதுவும் செலவாகாது, படங்களுக்கும் ஆபத்தில்லை.

உள்ளே நடப்பதைக் கொஞ்சம் விளக்கினால்தான் மற்றவை புரியும். உங்கள் 'பிக்சர்ஸ்' கோப்புறையில் 'ஃபோட்டோஸ் லைப்ரரி' என்று ஒரே ஒரு கோப்பு இருப்பதுபோல் தெரியும். அது உண்மையில் கோப்பு அன்று. பூட்டிய அலமாரி போன்ற ஒரு கோப்புறை. அதன்மேல் வலப்பக்கம் சொடுக்கி 'ஷோ பேக்கேஜ் கன்டென்ட்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் உள்ளறைகள் தெரியும். 'ஒரிஜினல்ஸ்' என்ற அறைக்குள் 0 முதல் 9 வரையும், பின்னர் ஆங்கிலத்தின் முதல் ஆறு எழுத்துகளும் பெயராக இட்ட 16 கோப்புறைகள் வரிசையாக நிற்கும். உங்கள் படங்கள் அவற்றில்தான் இருக்கின்றன. ஆனால் கேமரா கொடுத்த பெயரோடு இருக்கமாட்டா. எண்ணும் எழுத்துமாக நீண்ட ஒரு குறியீடுதான் ஒவ்வொன்றுக்கும் பெயர். எந்தக் குறியீடு எந்த ஆல்பத்தைச் சேர்ந்தது, எந்த நாளில் எடுத்தது, யாருடைய முகம் அதில் உள்ளது என்பவையெல்லாம் 'டேட்டாபேஸ்' என்ற பக்கத்து அறையில், எஸ்க்யூலைட் வகையைச் சேர்ந்த ஒரு தரவுத்தளத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. படங்கள் வேறு, படங்களைப் பற்றிய பேரேடு வேறு என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். செயலி உறையும்போது பெரும்பாலும் சிக்கல் பேரேட்டில்தான் இருக்கும். படங்கள் தம் இடத்தில் அப்படியே கிடக்கும். பார்த்த பிறகு எதையும் தொடாமல் அந்தச் சாளரத்தை மூடிவிடுங்கள். அங்கே ஒரு கோப்பை இடம் மாற்றினாலும் பேரேட்டுக்கும் அலமாரிக்கும் கணக்கு ஒத்துப்போகாது.

மான்டரே 2021இல் வந்தது, செக்கோயா 2024இல் வந்தது. இடையிலிருந்த வென்ச்சுராவையும் சோனோமாவையும் தாண்டி ஒரே பாய்ச்சலாக வந்திருக்கிறீர்கள். புதிய பதிப்பு முதன்முறை லைப்ரரியைத் திறக்கும்போது, பழைய பேரேட்டைத் தன்னுடைய புதிய அமைப்புக்கு மாற்றி எழுதுகிறது. தேவைப்படும் சிறுபடங்களைத் திரும்ப உருவாக்குகிறது. பின்னணியில் முகங்களையும் காட்சிகளையும் மறுபடி ஆராயத் தொடங்குகிறது. அதே நேரத்தில் ஸ்பாட்லைட் தேடல் கருவியும் தட்டு முழுவதையும் அட்டவணையிடுகிறது. திட நிலைத் தட்டு, அதாவது எஸ்எஸ்டி இருக்கும் கணினியில் இவ்வளவும் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். உங்களிடம் இருப்பதோ நிமிடத்திற்கு 5,400 முறை சுழலும் தட்டு. நொடிக்கு 90 சுற்று என்பது கேட்பதற்கு வேகமாகத் தோன்றலாம். ஆனால் வெவ்வேறு இடங்களில் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளைப் படிக்க ஊசி முனை ஒவ்வோர் இடத்திற்கும் நகர்ந்து, தட்டு சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பதால், நொடிக்கு நூறு கோப்புகளைத் தொடுவதே அதற்குப் பெரிய பாடு. போதாக்குறைக்கு, ஹார்ட் டிஸ்க்குகளையும் 2018இன் மொஹாவே பதிப்பிலிருந்து ஏபிஎஃப்எஸ் என்ற புதிய கோப்பு முறைக்கு மாற்றினார்கள். அது எஸ்எஸ்டிக்களை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டது, சுழலும் தட்டில் தடுமாறும்.

ஆகவே முதல் கேள்வி, செயலி வேலை செய்கிறதா அல்லது நிஜமாகவே நின்றுவிட்டதா என்பது. வண்ணச் சக்கரத்தை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. 'அப்ளிகேஷன்ஸ்' கோப்புறைக்குள் 'யூட்டிலிட்டீஸ்', அதற்குள் 'ஆக்டிவிட்டி மானிட்டர்' இருக்கிறது. அதைத் திறந்துவிட்டு, பிறகு ஃபோட்டோஸைத் திறங்கள். ஃபோட்டோஸின் பெயர் சிவப்பு எழுத்தில், 'பதிலளிக்கவில்லை' என்ற பொருள்படும் ஆங்கிலக் குறிப்போடு தெரியும்; அதைப் பார்த்துப் பதற வேண்டாம். சாளரம் சொடுக்கலுக்கு மறுமொழி தரவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். மேலே 'டிஸ்க்' என்ற தாவலைச் சொடுக்கி, 'ஃபோட்டோ லைப்ரரி டி' என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். பேரேட்டைக் கையாளும் பின்னணி நிரல் அதுதான்; முன்னால் தெரியும் செயலி அதனிடம் கேட்டுக் கேட்டுத்தான் படங்களைக் காட்டுகிறது. அந்த வரியில் எவ்வளவு படிக்கப்பட்டது, எவ்வளவு எழுதப்பட்டது என்று இரண்டு எண்கள் இருக்கும். அவற்றை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, பத்து நிமிடம் கழித்து மறுபடியும் பாருங்கள். எண்கள் ஏறியிருந்தால் வேலை நடக்கிறது. கணினியை அப்படியே விட்டுவிடுங்கள். அரை மணி நேரத்திற்குப் பிறகும் ஒரு பைட்டும் நகரவில்லை, 'சிபியு' தாவலிலும் அந்த நிரலின் எண் பூச்சியத்தில் நிற்கிறது என்றால்தான் அது நின்றுவிட்டது என்று கொள்ளலாம்.

வேலை நடக்கிறது என்று தெரிந்தால் செய்ய வேண்டியது பொறுத்திருப்பதுதான். அதற்கும் ஒரு முறை உண்டு. சிஸ்டம் செட்டிங்ஸில் கணினி தானாகத் தூங்கிவிடாதபடி அமைத்துவிட்டு, இரவு முழுவதும் விடுங்கள். சிறுபடங்கள் தோன்றத் தொடங்கிய பிறகு ஃபோட்டோஸை முறையாக மூடிவிட்டுக் கணினியை மட்டும் ஓட விடுவது நல்லது. ஏனென்றால் முகங்களை அடையாளம் காணும் ஆய்வு, செயலி திறந்திருக்கும்போது ஒதுங்கி நின்று, மூடியிருக்கும்போதுதான் தொடர்ந்து நடக்கும். உங்கள் தட்டுக்கு இரண்டு மூன்று இரவுகள் ஆனாலும் வியப்பில்லை. பின்னணியில் ஓடும் 'ஃபோட்டோ அனாலிசிஸ் டி' என்ற நிரல்தான் கணினியைத் தின்கிறது, அதைக் கொன்றுவிடுங்கள் என்று யாரேனும் ஆலோசனை சொல்வார்கள். கொன்றாலும் அடுத்த சில நொடிகளில் அது எழுந்து வந்து விட்ட இடத்திலிருந்து தொடரும்.

நம் ஊருக்கே உரிய ஓர் எச்சரிக்கை: பிற்பகல் இடியோடு மழை கொட்டும் நாட்களில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள், அல்லது மின்சாரம் போனாலும் சிறிது நேரம் கணினியை ஓட வைக்கும் யூபிஎஸ் ஒன்றை இணைத்துக்கொண்டு தொடங்குங்கள். ஜார்ஜ்டவுனில் என் வீட்டிலேயே ஒருமுறை லைப்ரரி மாற்றம் பாதிக்கு மேல் முடிந்திருந்த நிலையில் மின்சாரம் போய்விட்டது. எஸ்க்யூலைட் தரவுத்தளம் இத்தகைய அறுபடலைத் தாங்கும்படி அமைக்கப்பட்டதுதான். எழுதி முடியாததைக் கைவிட்டு முந்தைய நிலைக்குத் திரும்பத் தெரியும். ஆயினும் அன்று எனக்குச் சில ஆயிரம் படங்கள் சாம்பல் கட்டங்களாகவே நின்றன. பழுதுபார்க்கும் கருவியை ஓட்டிய பிறகுதான் சரியாயிற்று. நீங்கள் ஏழெட்டு முறை வலுக்கட்டாயமாக மூடியதும் ஏறக்குறைய இதே வகை அறுபடல்தான். நடந்ததற்காக வருந்த வேண்டாம், இனி மூடாமல் இருந்தால் போதும்.

எண்கள் நகரவில்லை என்றால், பிழை எங்கே இருக்கிறது என்று பிரித்தறிய மூன்று சிறிய சோதனைகள் செய்யலாம். முதலாவது, வைஃபையை அணைத்துவிட்டுக் கணினியை மறுதொடக்கம் செய்து, ஃபோட்டோஸைத் திறப்பது. இணையம் இல்லாதபோது செயலி ஒழுங்காகத் திறந்தால், சிக்கல் ஐக்ளவுட் ஒத்திசைவில் இருக்கிறது என்று பொருள். அப்போது செட்டிங்ஸில் ஒத்திசைவை ஒரு நாள் நிறுத்தி வைத்து, உள்வேலைகள் முடிந்த பிறகு திரும்ப இயக்கலாம். இரண்டாவது, 'ஆப்ஷன்' விசையை மட்டும் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஃபோட்டோஸைத் திறப்பது. எந்த லைப்ரரி வேண்டும் என்று ஒரு பட்டியல் கேட்கும்; புதிதாக ஒரு காலி லைப்ரரியை உருவாக்கி, அதில் நான்கைந்து படங்களைப் போட்டுப் பாருங்கள். காலி லைப்ரரி சுணக்கமின்றி இயங்கினால் செயலியிலும் இயங்குதளத்திலும் பழுதில்லை, உங்கள் பழைய லைப்ரரியின் பேரேட்டில்தான் இருக்கிறது. தட்டைத் துடைத்து இயங்குதளத்தைப் புதிதாக ஏற்றினாலும், அதே லைப்ரரியைத் திரும்பக் கொண்டுவந்து வைக்கும்போது அதே உறைதலும் கூடவே வரும். கடையில் சொன்ன தீர்வின் பலவீனம் இதுதான். மூன்றாவது, காலி லைப்ரரியும் உறைந்தால் மட்டும் செய்ய வேண்டியது: கணினியை இயக்கும்போதே 'ஷிஃப்ட்' விசையைப் பிடித்துக்கொண்டு, அத்தியாவசிய நிரல்களை மட்டும் ஏற்றும் சேஃப் மோடில் தொடங்குங்கள். உங்களுடையது இன்டெல் சிப் உள்ள கணினி என்பதால் இந்த முறை. புதிய எம் வரிசைக் கணினிகளில் ஆற்றல் பொத்தானை நீண்ட நேரம் அழுத்தித்தான் அங்கே போக வேண்டும். சேஃப் மோடில் ஒழுங்காக இயங்கினால், பழைய நீட்சி நிரல் ஏதோ குறுக்கே நிற்கிறது.

ஆல்பங்களுக்கெல்லாம் தமிழில் பெயர் வைத்திருப்பதால் இப்படி ஆகியிருக்குமோ என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆகாது. பேரேடு, எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடில்தான் எழுதப்படுகிறது. 'தண்ணீர்மலை' என்ற பெயரும் 'ஹாலிடே' என்ற பெயரும் அதற்கு ஒன்றுதான். அவற்றை மாற்றி உங்கள் உழைப்பை வீணாக்க வேண்டாம்.

பழுது லைப்ரரியில் என்று தெரிந்தால் பழுதுபார்க்கும் கருவி இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு முழு நகல் எடுத்தாக வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஒரு படம் 3 மெகாபைட் என்று வைத்தாலே 48,000 படங்களுக்கு 144 ஜிகாபைட் வரும். காணொளிகளும் சிறுபடங்களும் சேர்ந்தால் இன்னும் கூடும். எனவே 500 ஜிகாபைட்டுக்குக் குறையாத வெளித்தட்டு ஒன்று தேவை. கடையில் விற்கும் வெளித்தட்டுகள் பல, விண்டோஸிலும் மேக்கிலும் ஓட வேண்டும் என்பதற்காக எக்ஸ்ஃபேட் வடிவத்தில் வருகின்றன. ஃபோட்டோஸ் லைப்ரரிக்கு அந்த வடிவம் ஒவ்வாது. புதுத்தட்டை 'டிஸ்க் யூட்டிலிட்டி' கொண்டு ஏபிஎஃப்எஸ் வடிவத்திற்கு மாற்றிக்கொண்ட பிறகே லைப்ரரியை அதற்குள் இழுத்துப் போடுங்கள். மேக்கின் காப்பு நகல் கருவியான டைம் மெஷினுக்கு வைத்திருக்கும் அதே தட்டில் போடாதீர்கள். அனுமதிச் சிக்கல்கள் வரும். நகலெடுக்கும் நேரத்தில் ஃபோட்டோஸ் மூடியிருக்க வேண்டும். டிஸ்க் யூட்டிலிட்டியைத் திறந்திருக்கும்போதே உள்தட்டைத் தேர்ந்தெடுத்து, தட்டு தன் உடல்நிலையைத் தானே தெரிவிக்கும் 'ஸ்மார்ட்' நிலை என்ன சொல்கிறது என்றும் பார்த்துவிடுங்கள். அங்கே பழுது என்று காட்டினாலோ, நகலெடுக்கும்போது தட்டிலிருந்து 'டக் டக்' என்று ஒலி கேட்டாலோ, மற்ற எல்லாச் சோதனைகளையும் நிறுத்திவிட்டு, படங்களை வெளியே எடுப்பது ஒன்றையே வேலையாகக் கொள்ளுங்கள். 2019இலிருந்து ஓடும் தட்டு அது.

நகல் முடிந்ததும், 'ஆப்ஷன்', 'கமாண்ட்' ஆகிய இரு விசைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஃபோட்டோஸின் சின்னத்தை இரட்டைச் சொடுக்கினால், லைப்ரரியைப் பழுதுபார்க்கவா என்று ஒரு சிறு சாளரம் கேட்கும். 'ரிப்பேர்' என்பதைச் சொடுக்கிக் கடவுச்சொல்லைக் கொடுத்தால் வேலை தொடங்கும். முன்னேற்றக் கோடு பாதியில் நெடுநேரம் நகராமல் நிற்பதுண்டு. அப்போதும் ஆக்டிவிட்டி மானிட்டரின் எண்களைத்தான் நம்ப வேண்டும், கோட்டை அன்று. முடிந்தவுடன் செயலி தானாகத் திறக்கும். ஐக்ளவுட் இயக்கத்தில் இருந்தால், ஆயிரக்கணக்கான படங்கள் பதிவேற்றப்படுவதாக ஓர் எண் தோன்றக்கூடும். படங்களை மறுபடி அனுப்புவதாக எண்ணிக் கலங்க வேண்டாம். இங்கே இருப்பதும் அங்கே இருப்பதும் ஒன்றுதானா என்று ஒவ்வொன்றாக ஒப்பிடும் வேலைதான் பெரும்பாலும் அது.

ஐக்ளவுட்டைப் பற்றி உங்களுக்கு உறுதியில்லை என்பதுதான் என்னைச் சற்றே தயங்க வைக்கிறது. கைப்பேசியிலோ வேறு கணினியிலோ ஐக்ளவுட் இணையத்தளத்தில் நுழைந்து, படப்பகுதியில் மொத்த எண்ணிக்கை என்னவென்று பாருங்கள். இலவசமாகக் கிடைக்கும் இடம் 5 ஜிகாபைட்தான்; மாதச் சந்தா எதுவும் நீங்கள் கட்டாதிருந்தால் 48,000 படங்களும் அங்கே இருக்க வழியே இல்லை. எண்ணிக்கை 48,000ஐ ஒட்டி இருந்தால், அசல் படங்கள் அங்கே பத்திரமாக உள்ளன. ஒருவேளை உங்கள் கணினியில் இருப்பவை இடம் மிச்சப்படுத்தச் சுருக்கி வைத்த படிகளாகவும் இருக்கலாம். ஐந்தாறு படங்களைத் திறந்து பார்த்து, கணவரின் பழைய படங்கள் முழு அளவில் விரிகின்றனவா என்றும் சோதியுங்கள். இந்தக் கட்டத்தில் எந்தக் காரணத்திற்காகவும் அங்கிருந்து ஒரு படத்தையும் அழிக்காதீர்கள். ஐக்ளவுட் ஒரு தனி நகலன்று, ஒத்திசைவு. ஓரிடத்தில் அழித்தால் எல்லாக் கருவிகளிலும் அழியும். அழித்தவை 30 நாள் வரை 'ரீசன்ட்லி டெலீட்டட்' தொகுப்பில் இருக்கும் என்பது மட்டுமே ஆறுதல்.

பழுதுபார்த்தும் திறக்கவில்லை என்றால் இரண்டு வழிகள் மிஞ்சுகின்றன. மேம்படுத்தலுக்கு முன் எடுத்த டைம் மெஷின் காப்பு இருந்தால், வியாழக்கிழமை நிலையில் இருந்த லைப்ரரியை அதிலிருந்து மீட்டெடுத்து, புதிய ஃபோட்டோஸில் மறுபடி திறந்து, இம்முறை குறுக்கிடாமல் மாற்றம் முடியும்வரை விட வேண்டும். காப்பு இல்லை, ஆனால் ஐக்ளவுட் எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்றால், புதிய காலி லைப்ரரியைச் சிஸ்டம் லைப்ரரியாக, அதாவது ஐக்ளவுட்டோடு ஒத்திசையும் லைப்ரரியாக அமைத்து, அசல்களைப் பதிவிறக்கும் தேர்வை இயக்கி, எல்லாவற்றையும் அங்கிருந்தே இறக்கிக்கொள்ளலாம். வீட்டு இணையத்தின் வேகத்தைப் பொறுத்துப் பல நாட்கள் ஆகும். மான்டரேக்கே திரும்பிப் போய்விடலாமே என்று மருமகன் சொன்னால், புதிய பதிப்பு ஒருமுறை மாற்றி எழுதிய லைப்ரரியைப் பழைய ஃபோட்டோஸால் திறக்க முடியாது என்பதை அவருக்கு நினைவூட்டுங்கள்.

செலவு செய்யத்தான் வேண்டும் என்றால், அதைக் கடையில் தட்டைத் துடைப்பதற்குச் செய்யாமல், ஒரு வெளி எஸ்எஸ்டி வாங்கச் செய்யுங்கள் என்பது என் கருத்து. உங்கள் ஐமேக்கின் முதுகில் வேகமான இணைப்புக்கான தண்டர்போல்ட் 3 துளைகள் இரண்டு இருக்கின்றன. ஏபிஎஃப்எஸ் வடிவத்துக்கு மாற்றிய எஸ்எஸ்டி ஒன்றை அதில் செருகி, லைப்ரரியை அதற்கு நகர்த்தி, 'ஆப்ஷன்' விசையோடு ஃபோட்டோஸைத் திறந்து அந்த லைப்ரரியைத் தேர்ந்தெடுத்தால், இரவெல்லாம் நடந்த வேலை ஒரு பிற்பகலுக்குள் முடிவதை நீங்களே காண்பீர்கள். திறந்த பின் செட்டிங்ஸில் 'யூஸ் அஸ் சிஸ்டம் ஃபோட்டோ லைப்ரரி' என்பதைச் சொடுக்க மறக்காதீர்கள்; அதைச் செய்யாவிட்டால் ஐக்ளவுட் பழைய லைப்ரரியோடுதான் பேசிக்கொண்டிருக்கும். செயலி திறந்திருக்கும்போது கம்பியைப் பிடுங்கவும் கூடாது. மேசையைத் துடைக்க வருபவர்களிடமும் சொல்லி வையுங்கள்.

எல்லாம் சரியான பிறகும், பழுதுபார்க்கும் முன் எடுத்த அந்த நகலை உடனே அழித்துவிடாதீர்கள். 2005, 2012 என்று இடையிடையே சில ஆண்டுகளைத் தேர்ந்தெடுத்து, பத்திருபது படங்களையும் இரண்டு மூன்று காணொளிகளையும் முழு அளவில் திறந்து பாருங்கள். ஏதாவது ஒன்று சாம்பல் கட்டமாகவே நின்றால், அந்தப் படம் எடுத்த நாளைக் குறித்து எனக்கு அனுப்புங்கள். நகலின் பேரேட்டிலிருந்து அதன் குறியீட்டைக் கண்டுபிடித்து, அந்த 16 கோப்புறைகளுள் எதில் இருக்கிறது என்று தேடி எடுத்துவிடலாம்.